மண்டபத்தில் சிறிய விண்வெளி வரலாற்றுக் காட்சியகம்: எதைச் சேர்ப்பது, உப்புக் காற்றில் எப்படிக் காப்பது?

தென்கடல் கேட்டது:

மண்டபத்தில் பழைய வாசகசாலைக் கட்டடம் ஒன்றின் கூடத்தை விண்வெளி வரலாற்றுக் காட்சியகமாக மாற்ற ஊரில் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். உள்ளளவு 30க்கு 20 அடி, கூரை உயரம் 10 அடி, மேலே கான்கிரீட் தளம். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் கூப்பிடு தூரம்தான். ஏ.சி. கிடையாது. மின்வெட்டு உண்டு.

இதுவரை சேர்ந்திருப்பவை: எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் வெற்றிச் செய்தி வந்த 1980 ஜூலை நாளிதழ்கள் ஒரு கட்டு, ஆர்யபட்டா படம் போட்ட பழைய 2 ரூபாய்த் தாள்கள், 1975 ஆர்யபட்டா அஞ்சல்தலை, ஒரு பள்ளி கழித்துப் போட்ட 16 மி.மீ. படச்சுருள்கள், 2010 சூரிய கிரகணத்தன்று தனுஷ்கோடியில் எடுத்த புகைப்படங்கள், படகுகளில் கழற்றிய ஜி.பி.எஸ். கருவிகள், பழைய அபாய அறிவிப்புக் கருவி ஒன்று.

இதுபோக, வலையில் சிக்கியது என்று சொல்லி ஒரு மீனவர் உலோக உருண்டை ஒன்றைத் தருகிறேன் என்கிறார். ராக்கெட் பாகமாக இருக்கலாம் என்று பேச்சு.

மற்ற ஊர்களில் இப்படி எப்படித் தொடங்கினார்கள்? நாங்கள் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்? உலோகமும் காகிதமும் இந்தக் காற்றில் தாங்குமா? அந்த உருண்டையை வாங்கலாமா?


பதிவேடு எழுதியது:

சிறிய ஊர் என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து ஹட்சின்சன் ஊரில் இருக்கும் காஸ்மோஸ்பியர் 1962-ல் பொருட்காட்சித் திடலின் கோழிக் கொட்டகையில்தான் பிறந்தது. பழைய கோளரங்கக் கருவி ஒன்று, வாடகை நாற்காலிகள், பேட்டி கேரி என்ற பெண்மணியின் பிடிவாதம், அவ்வளவுதான் மூலதனம். இன்று அப்போலோ 13-ன் கட்டளைக் கலம் அங்கே இருக்கிறது. ரஷ்யாவின் கலூகா உங்களுக்கு இன்னும் நெருக்கம். ராக்கெட் கோட்பாட்டின் முன்னோடி ஸியால்கோவ்ஸ்கி பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த ஊர் அது. அந்த ஒரு மனிதருக்காக அங்கே அருங்காட்சியகம் வந்தது. 1961 ஜூனில் முதல் விண்வெளி வீரர் ககாரின் அடிக்கல் நாட்டினார், 1967 அக்டோபரில் திறந்தார்கள். நம் பக்கம், திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் புனித மரிய மக்தலேனா தேவாலயக் கட்டடமே முதலில் அலுவலகமாக இருந்து, இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது.

மூன்று இடத்திலும் அந்த ஊருக்கென்று ஒரு காரணம் இருந்தது. உங்கள் எல்லையையும் அப்படிப் போடுங்கள். உலக விண்வெளி வரலாறு முழுவதையும் 600 சதுர அடியில் அடைக்கப் பார்த்தால் கடைசியில் பொம்மைக் கொலுதான் மிஞ்சும். கலாம் ஐயாவின் வாழ்க்கைப் பொருட்கள் பேய்க்கரும்பு நினைவிடத்திலும் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெரு வீட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வேறு யாரிடமும் இல்லாத, உங்களிடம் மட்டுமே சேரக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது: விண்வெளியை இந்தக் கடற்கரை எப்படிப் பயன்படுத்தியது என்பது.

படகில் கழற்றிய ஜி.பி.எஸ்.ஸும் அபாய அறிவிப்புக் கருவியும்தான் உங்கள் தொகுப்பிலேயே மதிப்பானவை. கூடவே மீன்வளம் உள்ள பகுதி பற்றிய அறிவிப்புத் தாள்களைத் தேடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து இறங்குதுறை வாரியாகத் திசை, தூரம், ஆழம் போட்டு அனுப்பும் தாள்கள் அவை. மேகம் மூடிய நாட்களிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்திலும் அவை வராது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிக் கிழித்தெறிவார்கள் என்பதால் பழைய தாள் கிடைப்பது அரிது. கிடைத்தால் எந்தத் துறை, எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். அதன் பக்கத்தில் கடலைப் பார்க்கும் செயற்கைக்கோள்களான ஓஷன்சாட்-1 (1999), ஓஷன்சாட்-2 (2009) படங்களை வைத்தால் தாளுக்கும் வானுக்கும் உள்ள தொடர்பு பார்ப்பவருக்கே புரியும்.

2010 ஜனவரி 15 கங்கண கிரகணமும் உங்களுடையதுதான். அதன் பாதை திருவனந்தபுரம், கன்னியாகுமரி, தனுஷ்கோடி வழியாகப் போனது. அதே கிரகணத்துக்காக இஸ்ரோ தும்பாவிலிருந்து ரோகிணி ஆய்வு ராக்கெட்டுகளை ஏவியது. படத்தோடு கிரகணக் கண்ணாடி, அன்றைய அழைப்பிதழ், பள்ளிச் சுற்றறிக்கை எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

சுவருக்கு ஒரு பெரிய படம் வேண்டுமென்றால், 1966 செப்டம்பரில் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து அமெரிக்க வீரர்கள் கான்ராடும் கார்டனும் எடுத்த படம் இருக்கிறது. தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்தில் தெரியும். நாசாவின் படங்கள் பெரும்பாலும் பொதுவுடைமை. மூல எண்ணைக் குறித்துக்கொண்டு பெரிய அளவுக் கோப்பை இறக்கி அச்சடிக்கலாம்.

இப்போது பதிவேடு. இதுதான் காட்சியகம், மற்றதெல்லாம் சாமான். தைத்த நோட்டு ஒன்று (தனித்தாள் கோப்பு வேண்டாம், உருவி எடுக்கலாம்), அதன் கணினிப் படி ஒன்று வேறு கட்டடத்தில். எண் முறை ஆண்டு, கொடை வரிசை, பொருள் வரிசை: 2025.3.2 என்றால் 2025-ல் வந்த மூன்றாவது கொடையின் இரண்டாவது பொருள். ஒவ்வொன்றுக்கும் அளவு, எடை, அளவுகோல் வைத்து எடுத்த படம், வந்த நிலை, கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம். கடிதத்தில் 'அன்பளிப்பு' அல்லது 'இரவல்' என்று தெளிவாக இருக்கட்டும். இரவலுக்கு முடிவுத் தேதி போடாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். மேலே சொன்ன காஸ்மோஸ்பியரிலேயே நாசாவின் இரவல் பொருளும் சொந்தப் பொருளும் கலந்து கிடந்து, முன்னாள் இயக்குநர் பொருட்களைத் திருடி விற்றதாக 2005-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தணிக்கையில் பொருட்கள் குறைந்ததால்தான் அது வெளியே வந்தது.

பொருளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பசை ஊறிக் கறையாகும், வெயில் காலத்தில் உதிரும். பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து நகத்தளவு இடத்தில் பூசி, காய்ந்ததும் இந்திய மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனில் துடைத்தால் போய்விடும். காகிதத்துக்கு மட்டும் மென்மையான 2பி பென்சில், பின்பக்கம்.


உலோகத்துரு எழுதியது:

உப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துப்போகும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலில் கிடந்த உலோகத்தைக் கழுவாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 'உள்ளே 55 சதவீதம்தானே' என்று இருந்தால் உள்ளுக்குள் அரிப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முதலில் கழுவல், அப்புறம்தான் பெட்டி.

கழுவும் முறை. மின்னணுப் பாகம், தோல், மரம் இல்லாத வெறும் உலோகத்துக்கு மட்டும் இது. பேட்டரி கடையில் விற்கும் வடிநீர் போதும். போர் தண்ணீர் ஆகாது, மண்டபத்தில் அதுவே உப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் பொருளின் எடைக்கு ஐந்து மடங்கு நீர். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, மாற்றும் முன் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து எழுதுங்கள். முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் ஏறும், பிறகு சரியும். புது வடிநீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்து மூன்று நாள் அப்படியே நின்றால் நிறுத்தலாம். உறுதி செய்ய, கொஞ்சம் கழுவுநீரில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலும் விட்டுப் பாருங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இரண்டும் இருக்கும், ஆசிரியரையே செய்யச் சொல்லுங்கள்.

இரும்புக்குச் சொல்லும் காஸ்டிக் சோடா ஊறல் முறையை அலுமினியத்துக்குச் செய்தால் பொருளே கரைந்துபோகும். விண்கலப் பாகங்களில் பல அலுமினியக் கலவை என்பதை மறக்க வேண்டாம். புளி போட்டுத் தேய்ப்பது, பிராசோ, எண்ணெய் தடவுவது எல்லாம் கூடாது. பளபளப்பு வரும், ஆனால் குத்திய எண், புகைக்கறை, வண்ணக்கோடு எல்லாம் போய்விடும். இது எந்தப் பாகம் என்று சொல்லும் சாட்சியே அவைதான்.

கடலுக்குள்ளிருந்து எடுத்த பொருள் கழுவத் தொடங்கும்வரை காயவே கூடாது. அமெரிக்காவின் லிபர்ட்டி பெல் 7 விண்கலம் 1961 ஜூலையில் மூழ்கியது. 1999-ல் ஏறக்குறைய 4.9 கி.மீ. ஆழத்திலிருந்து எடுத்தபோது அதைக் கடல்நீர் நிரப்பிய பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோனார்கள். காற்றுப் பட்டுக் காய்ந்தால் துளைக்குள் இருக்கும் உப்பு படிகமாகி உலோகத்தைத் தகடு தகடாக உரிக்கும். பிறகு ஹட்சின்சனில் பாகம் பாகமாகக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கழற்றாமல் செய்ய முடியாது, ஏனென்றால் எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில்தான் அரிப்பு மோசம். நீங்கள் பொருளைத் தாங்கியில் நிறுத்தும்போதும் இதையே கவனியுங்கள்: எஃகுக் கொக்கிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் அல்லது பாலியஸ்டர் தாள் துண்டு.

பெட்டி பற்றி. மரம், பிளைவுட், எம்.டி.எஃப். மூன்றும் அமில ஆவி விடும். பவுடர் கோட்டிங் செய்த தகரம் அல்லது அலுமினியச் சட்டம் போட்டுக் கண்ணாடி வையுங்கள். இடுக்கு அடைக்கும் சிலிகான் டியூபை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் வேண்டாம். 'நியூட்ரல் கியூர்' என்று போட்டதை வாங்குங்கள். கதவுக்கு ரப்பர் கேஸ்கெட். அடியில் துளைத்தட்டு போட்ட இழுப்பறை, அதில் சிலிக்கா ஜெல். அளவு: ஒரு கன மீட்டர் காற்றுக்கு 20 கிலோ. 60×60×45 செ.மீ. பெட்டி என்றால் 0.162 கன மீட்டர், ஆக 3.25 கிலோ. சின்னப் பொட்டலம் இரண்டு போடுவதால் ஒரு பயனும் இல்லை. ஆரஞ்சு நிறக் குறிகாட்டி ஜெல்லை வாங்குங்கள், பச்சையானால் தீர்ந்தது என்று பொருள். நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் வரும் இடத்துக்கு அது ஆகாது. ஓவனில் 110 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். உலோகப் பொருள் இருக்கும் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். காகிதத்தை இதே பெட்டியில் வைக்காதீர்கள், மொறுமொறுத்து உடையும்.

ஈரமானி விலை மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அப்படியே நம்பக் கூடாது. பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் பையில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்தக் கருவி 5 கூடச் சொல்கிறது என்று ஒட்டி வைத்துவிடலாம்.

ஏ.சி. வாங்கப் பணம் திரட்ட வேண்டாம். பகலில் ஓடி இரவில் நிற்கும் ஏ.சி. குளிர்ந்த பொருளின் மேல் வேர்வை கட்ட வைக்கும், ஏ.சி. இல்லாமலிருப்பதைவிட அது கேடு. அந்தப் பணத்தில் நல்ல பெட்டி செய்யலாம். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பக்கத்து ஜன்னலையும், கச்சான் அடிக்கும்போது தென்கடல் பக்கத்தையும் இறுக்கி அடையுங்கள். தரையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். பெட்டி சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியும், தரையை விட்டு அதே அளவு உயர்ந்தும் இருக்கட்டும்.


தென்கடல்:

நன்றி. அந்த உருண்டையைப் பார்த்தேன், தொடவில்லை. ஏறக்குறைய இரண்டரை அடி விட்டம். மேலே நார் சுற்றியது போல இருக்கிறது, ஒரு பக்கம் கருகி நூல் பிரிந்திருக்கிறது, குழாய் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. கழுவலாமா?


கலங்கரை எழுதியது:

கழுவ வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். பிள்ளைகளை அந்தக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

நார் சுற்றிய உருண்டை என்பது உயரழுத்த வாயுக் கலனாக இருக்கக்கூடிய வடிவம். ராக்கெட்டில் எரிபொருளைத் தள்ள ஹீலியம் அடைக்கும் கலன்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. வால்வு மூடிய நிலையில் கடலில் விழுந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம். நார் கருகியிருந்தால் சுவரின் பலம் போயிருக்கும். குழாய் முனையைத் திருகினாலோ சுத்தியலால் தட்டினாலோ வெடிக்கலாம். கருகிய கார்பன் நார் தோலிலும் மூச்சிலும் போகும் ஊசி.

இன்னொரு வகைக் கலன் எரிபொருள் தாங்கி. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் யு.எச்.25 என்ற ஹைட்ரசின் கலவையும் நைட்ரஜன் டெட்ராக்சைடும், நான்காம் கட்டத்தில் மோனோமெத்தில் ஹைட்ரசின் வகையும் பயன்படுகின்றன. ஹைட்ரசின் குடும்பம் அம்மோனியா கலந்த மீன்வாடை போல அடிக்கும். மீன் காயும் கரையில் அந்த வாடையைப் பிரித்தறிய முடியாது என்பதால் முகர்ந்து பார்க்கும் சோதனையே வேண்டாம். நைட்ரஜன் டெட்ராக்சைடு செம்பழுப்புப் புகை. கெட்டி ரப்பர் போன்ற கட்டி ஒட்டியிருந்தால் அது திட எரிபொருளாக இருக்கலாம், தண்ணீரில் ஊறினாலும் காய்ந்தபின் எரியும்.

கப்பல் கேஸ் சிலிண்டராகவோ மிதவையாகவோ இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. இந்தக் கரையில் ஒதுங்கும் 'ராக்கெட் பாகங்களில்' மிதவையும் வானிலை பலூன் பெட்டியும் கலந்தே வரும். ஆனால் எது என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கு அழையுங்கள், கடலோரக் காவல் படைக்கு 1554. எட்ட நின்று நான்கு பக்கமும் படம், தெரியும் எழுத்தும் எண்ணும், கிடைத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், தேதி இவற்றை மீனவரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். படகு ஜி.பி.எஸ்.ஸில் அந்தப் புள்ளி சேமித்திருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டம் இதில் தெளிவு. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவுப்படி, பூமிக்குத் திரும்பி விழுந்தாலும் விண்பொருள் ஏவிய நாட்டின் உடைமைதான். 1968 மீட்பு ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவுப்படி கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வலையில் சிக்கியது என்பதால் மீனவருக்கும் சொந்தமாகாது, உங்களுக்கும் ஆகாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க மிகுந்த வாய்ப்பு என்று அந்நாட்டு விண்வெளி முகமை சொன்னது. அங்கும் முதலில் போலீஸ் தடுப்புப் போட்டுப் பாதுகாப்பு என்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

உங்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஒப்படைக்கும்போதே 'ஆய்வு முடிந்து அபாயமில்லை என்றால் காட்சிக்கு இரவலாகத் தர வேண்டுகிறோம்' என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட சான்றை வாங்குங்கள். வரும் வராது, ஆனால் எழுதாவிட்டால் வரவே வராது. பொருள் வராவிட்டாலும் மீனவரின் வாய்மொழி, படங்கள், வரைபடப் புள்ளி, கடித நகல் நான்கையும் சேர்த்தால் அதுவே முழுமையான காட்சிப் பலகை.

அபாய அறிவிப்புக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரியைக் கழற்றாமல் காட்சிக்கு வைக்காதீர்கள். யாராவது பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக உண்மையான அபாயச் செய்தி கடலோரக் காவல் படைக்குப் போகும். கழற்றிய பேட்டரியைக் கட்டடத்துக்குள் வைக்க வேண்டாம். ஜி.பி.எஸ். கருவிகளுக்குள் பொட்டு பேட்டரி ஒன்று இருக்கும், அதையும் எடுங்கள், கசிந்து பலகையைத் தின்றுவிடும். எடுக்கும் முன் திரையில் சேமித்த புள்ளிகளைப் படம் எடுங்கள். எந்த மடையில், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மீன் பிடித்தார்கள் என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. உரிமையாளர் சம்மதமில்லாமல் அந்தப் பட்டியலைக் காட்சிக்கு வைக்காதீர்கள், அது அவர் தொழில்.


காகிதப்பூச்சி எழுதியது:

நாளிதழ்: 1980 தாள் மரக்கூழ்த் தாள், தன் அமிலத்தாலேயே பழுக்கும். லேமினேஷன் செய்யவே கூடாது, சூடும் பசையும் சேர்ந்து முடித்துவிடும். செலோ டேப் கூடாது. மடிப்பை ஒரே தடவை விரித்து 400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்துவிட்டு, அமிலமற்ற உறையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். காட்சிக்கு அச்சுப் படி போதும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மூலத்தை வைத்தே ஆக வேண்டுமென்றால் 50 லக்ஸ் வெளிச்சம், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

ரூபாய்த் தாளும் அஞ்சல்தலையும் பி.வி.சி. ஆல்பத்தில் இருந்தால் இன்றே எடுங்கள். உறை பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலியஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். அஞ்சல்தலையின் பசைப் பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆல்பத்தை நிறுத்தி வையுங்கள், அடுக்கி அழுத்த வேண்டாம்.

படச்சுருளை முதலில் முகருங்கள். 16 மி.மீ. எப்போதுமே பாதுகாப்பு ஃபிலிம்தான், நைட்ரேட் போலத் தீப்பற்றும் பயம் இல்லை. ஆனால் அசிட்டேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை விடும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். வாடை அடிப்பதைத் தனி அறைக்கு மாற்றுங்கள். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஒரு சதவீதம் சுருங்கியிருந்தாலே பல்லில் மாட்டித் துளை கிழியும். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டுக் காற்றுப்போகும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றி, முதலில் கெட்டதை முதலில் டிஜிட்டல் ஆக்குங்கள். டப்பாவுக்குள் இருக்கும் சீட்டையும் சுருளின் தொடக்கத்தில் உள்ள வெற்றுப் பகுதியில் எழுதியதையும் தூக்கி எறிய வேண்டாம்.

பூச்சி: புத்தகப்பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ஃபிலிமையும் கெடுக்கும். காகிதத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் அடைத்து மைனஸ் 18 டிகிரி உறைபனியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். ஐஸ் கம்பெனிக் குளிர் இதற்குப் போதாது. மீன் ஏற்றுமதி நிறுவனங்களின் உறைபனி அறை போதும், கேட்டுப் பாருங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் காகிதத்தின் மேலேயே வேர்க்கும். ஃபிலிமை இப்படிச் செய்ய வேண்டாம்.


பதிவேடு எழுதியது:

மாதிரிகளையும் விளக்கப் பலகைகளையும் பற்றி விட்டுப்போனது.

மாதிரி ராக்கெட்டுகளை ஒரே அளவுவிகிதத்தில் செய்யுங்கள். கடையில் கிடைப்பதை வாங்கி அடுக்கினால் சின்ன எஸ்.எல்.வி.-3-ம் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.-3-ம் ஒரே உயரத்தில் நிற்கும், பிள்ளைகள் மனதில் அதுவே பதியும். 1:20 உங்கள் கூரைக்குப் பொருந்தும். 22 மீட்டர் எஸ்.எல்.வி.-3 1.1 மீட்டராகும், 44 மீட்டர் பி.எஸ்.எல்.வி. 2.2, எல்.வி.எம்.-3 கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் பருமனில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முழு அளவில் ஒன்று வேண்டுமென்றால் ரோகிணி ஆய்வு ராக்கெட் வரிசையின் ஆர்.எச்.-200 செய்யலாம். நீளம் 3.6 மீட்டர், கூரை 10 அடி என்பதால் நிறுத்த முடியாது, ஏவுதளச் சாய்வு போல சரித்து வையுங்கள். முதல் கட்டத்துக்கு 200 மி.மீ. பி.வி.சி. குழாய், மேல் கட்டம் அதைவிட ஒல்லி. அறுக்கும் முன் தும்பா அருங்காட்சியகத்துக்குப் போய் அளவெடுத்து வாருங்கள். குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியபோதும் ரோகிணி ராக்கெட்தான் ஏவினார்கள், ஆக அது பழங்கதையும் அல்ல.

அந்தத் தளம் ஏன் அங்கே என்பதற்கு ஒரு சுவர் வரைபடமும் இரண்டு கயிறும் போதும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே கயிறு பிடித்தால் இலங்கை குறுக்கே வரும். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் வளைந்து ஒதுங்க வேண்டும், அதில் எரிபொருள் செலவாகி எடை தூக்கும் திறன் குறையும். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்திலிருந்து கயிறு பிடித்தால் நேரே கடல்தான்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் நல்ல காட்சிப்பொருள் ஒன்று: நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்து அனார்த்தோசைட் பாறை. சந்திரயான்-2 தரையிறங்கி, ஊர்திச் சோதனைக்கு நிலவு மண் போன்ற பொடி அந்தப் பாறையிலிருந்துதான் செய்யப்பட்டது. கையில் எடுத்துப் பார்க்கும்படி கைப்பிடியளவு துண்டு ஒன்று மேஜையில் கிடக்கட்டும். எந்த நிலத்தில் எடுத்தது, யார் அனுமதி என்பதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

விளக்கப் பலகையில் நாடு முழுக்க நடக்கும் தவறுகள் உங்கள் சுவரில் வர வேண்டாம். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதலில் ஏவிய ராக்கெட் நைக்-அப்பாச்சி, அமெரிக்கா தந்தது. சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. கலாம் அதை இணைத்துப் பொருத்தும் பணியிலும் பாதுகாப்பிலும் இருந்தார், அவர் 'செய்த' ராக்கெட் என்று எழுதாதீர்கள். இந்தியாவில் செய்த முதல் ராக்கெட் ஆர்.எச்.-75, 1967 நவம்பரில் ஏவியது. பிரபலமான சைக்கிள் படத்தில் கொண்டுபோவது ராக்கெட்டின் மூக்குக் கூம்பு, அறுபதுகளில் தும்பாவில் எடுத்த படம். மாட்டு வண்டிப் படத்தில் இருப்பது ராக்கெட்டே அல்ல, 1981-ன் ஆப்பிள் செயற்கைக்கோள். அலைவாங்கிச் சோதனைக்கு உலோகம் இல்லாத மேடை தேவைப்பட்டதால் மர வண்டியில் ஏற்றினார்கள், ஏழ்மையால் அல்ல. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒரே தலைப்புக் கொடுப்பது பொய்யாகிவிடும். எஸ்.எல்.வி.-3 1979 ஆகஸ்ட் 10-ல் தோற்றது, 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இரண்டு தேதியும் பலகையில் இருக்கட்டும். உங்களிடம் 1979 நாளிதழ் இல்லை என்று தெரிகிறது, அதைத் தேடி வாங்குங்கள்.

செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பிய 1975-76 சைட் தொலைக்காட்சித் திட்டத்தின் கோழிவலை ஆன்டெனா என்று யாராவது உள்ளூரில் கொடுத்தால் யோசியுங்கள். அந்த 2,400 கிராமங்கள் ஆறு மாநிலங்களில் இருந்தன, தமிழ்நாடு அதில் இல்லை.


தென்கடல்:

1093-க்குச் சொல்லிவிட்டோம், கொட்டகையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டி செய்யக் கொடுக்கும் முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?


உலோகத்துரு எழுதியது:

மேல்தளத்தை, அதாவது மொட்டை மாடியை, பாருங்கள். கட்டடம் பழையது என்றால் முதலில் ஒரு பொறியாளர் தளத்தின் பலத்தைப் பார்த்து ஒப்புதல் சொல்லட்டும். சொன்னபின் ஓரங்களில் களிமண் வரப்புக் கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். உள்ளே கூரையில் ஈரத்திட்டு வந்தால் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, தரையில் அதற்கு நேர் கீழே இருக்கும் இடத்தையும் குறியுங்கள். பூசிச் சரிசெய்த பிறகும் அந்த இடத்தில் பெட்டி வேண்டாம்.

சுவர் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுப் போடுங்கள், சிமென்ட் பூசினால் உப்பு மேலேறும். வெளிப்பக்கமும் உள்பக்கமும் பெயின்ட் அடித்தால் ஒரு மாதம் காற்றாட விட்டுவிட்டுத்தான் பொருளைக் கொண்டுபோக வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் தள வேலையை ஆவணிக்குள் முடியுங்கள். பெட்டிக்கு அதற்குப் பிறகு ஆர்டர் கொடுத்தால் போதும்.